பழைய லெப்டொப்பில் லினக்ஸ் போடலாமா? தீர்மானிக்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு கொம்பியூட்டர் கடையில் பழைய லெப்டொப்பைக் கொடுத்து, "சரியான ஸ்லோ, என்ன செய்யலாம்?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். "ஃபோமட் அடிச்சு வின்டோஸ் போட்டுத் தாறன், மறுகா பாருங்க" என்பார்கள். இல்லாவிட்டால் "இது இனிச் சரிவராது, புதுசு ஒண்டு எடுங்க" என்பார்கள். லினக்ஸ் என்று மூன்றாவது வழி ஒன்று இருப்பதை, அதாவது வின்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவசமான பணிசெயல் முறைமை (ஒபரேட்டிங் சிஸ்டம்) ஒன்று இருப்பதை, யூடியூபில் பார்த்திருப்பீர்கள், அல்லது வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ கம்பஸில் படிக்கும் சொந்தக்காரப் பிள்ளை சொல்லியிருக்கும். போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இப்போது இந்தக் கேள்வி பல வீடுகளில் எழக் காரணம் இருக்கிறது. வின்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் கொடுத்து வந்த ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் என்று அறிவித்தார்கள். பதியாதவர்களுக்கு அதுவும் இல்லை. கணினி நின்றுவிடாது, வழக்கம் போல ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. வின்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், கணினி எழும்பும்போது நம்பகமான நிரலை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் வசதி, குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், இன்டெல் புரொசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். எட்டாம் தலைமுறைச் சிப்புகள் 2017இல்தான் வெளிவந்தன. அதற்கு முந்திய ஐ3, ஐ5 லெப்டொப்கள் நம் பக்கத்து ஆசிரியர் வீடுகளிலும் மாணவர் மேசைகளிலும் இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன. அவற்றைத் தூக்கி எறியச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

இன்னொரு விடயத்தையும் வெளிப்படையாகக் கதைக்க வேண்டும். பழைய கணினிகளில் போட்டுத் தரப்படும் வின்டோஸ் பல இடங்களில் கிராக் செய்தது, அதாவது உரிமம் வாங்காமல் அக்டிவேட்டர் என்ற நிரலால் பூட்டை உடைத்தது. அந்த அக்டிவேட்டரை ஓட்டுவதற்கு முதல் அன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும். யார் எழுதியது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு நிரலின் கையில் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு, அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கிறோம், பிள்ளையின் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்புகிறோம். காசும் கொடுக்காமல் களவும் செய்யாமல், ஒழுங்காக அப்டேட் வரும் ஒரு பணிசெயல் முறைமையை வைத்திருக்க வழி இருக்கும்போது இந்த ஆபத்து எதற்கு? லினக்ஸைப் பற்றி நான் இவ்வளவு அக்கறையாகச் சொல்ல முதற்காரணம் இதுதான்.

ஆனாலும் எல்லாருக்கும் அது பொருந்தாது. பொருந்துமா என்பதை மற்றவர்களின் வாதங்களை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். உங்கள் வேலையையும் உங்கள் இயந்திரத்தையும் வைத்தே சோதிக்கலாம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் போதும், கணினியில் ஒன்றும் அழியாது.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

கடந்த ஒரு மாதத்தில் அந்தக் கணினியில் என்னென்ன செய்தீர்கள்? "ஒபிஸ் வேலை" என்று பொதுவாக எழுதினால் பயன் இல்லை. "தரம் 8 புள்ளிப் பட்டியல், எக்செல்", "வலயக் கல்வி அலுவலகம் அனுப்பிய வேர்ட் படிவம்", "சூம் வகுப்பு", "போனிலிருந்து படங்கள் ஏற்றியது", "தம்பி விளையாடுவது" என்று தனித்தனியாக எழுதுங்கள். வீட்டில் வேறு யார் பாவிக்கிறார்களோ அவர்களிடமும் கேளுங்கள். அம்மா மாதத்தில் ஒரு நாள் மட்டும் செய்யும் வேலைதான் பின்னர் பிரச்சினையாக வந்து நிற்கும்.

பிறவுசருக்குள் நடப்பவற்றுக்கு எல்லாம் சரி போடலாம். ஈமெயில், யூடியூப், வட்ஸ்அப் வெப், பரீட்சைப் பெறுபேறு, கூகுள் டொக்ஸ் இதில் அடங்கும். குரோமும் பயர்பொக்ஸும் லினக்ஸிலும் அதே மாதிரித்தான். சூமுக்கு லினக்ஸ் பதிப்பு உண்டு. பாட்டுக்கும் படத்துக்கும் விஎல்சி உண்டு. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்த பிள்ளை வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. பாடத்திட்டத்தில் வரும் பைதன், நான் கீழே சொல்லப்போகும் லினக்ஸில் ஏற்கனவே இருக்கும். மைஎஸ்கியூஎல் போன்றவற்றையும் இலவசமாக எடுக்கலாம்.

வேர்ட், எக்செல், பவர்பொயின்ட் என்று எழுதிய இடங்களில் கேள்விக்குறி போடுங்கள். லினக்ஸோடு வரும் லிப்ரே ஒபிஸ் அந்தக் கோப்புகளைத் திறக்கும், அதே வடிவத்தில் சேமித்தும் கொடுக்கும். சாதாரணக் கடிதத்திலும் வினாத்தாளிலும் குறை தெரியாது. அட்டவணைகளும் டெக்ஸ்ட் பொக்ஸ்களும் நிறைந்த படிவத்தில்தான் வில்லங்கம்: ஒரு வரி கீழே நழுவும், ஒரு பக்கம் இரண்டு பக்கமாகும். மக்ரோ (தானாக வேலை செய்யும் சிறு கட்டளைகள்) எழுதிய எக்செல் கோப்புகள் சில ஓடும், சில ஓடாது. பாடசாலைப் புள்ளிப் பட்டியல் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கலிப்ரி, கேம்பிரியா எழுத்துருக்களுக்குப் பதிலாக அதே அகலமுள்ள கார்லிட்டோ, கலடியா இருப்பதால் ஆங்கிலக் கடிதங்கள் பெரும்பாலும் குலையாது. மும்மொழிப் படிவங்களில் வரும் இஸ்கோல பொத, லதா எழுத்துருக்கள் லினக்ஸோடு வருவதில்லை. வாசிக்க முடியும், ஆனால் அகலம் மாறி வரிகள் வேறு இடத்தில் முறியும்.

இந்தக் கேள்விக்குறியை அழிக்க லினக்ஸ் கூடத் தேவையில்லை. லிப்ரே ஒபிஸுக்கு வின்டோஸ் பதிப்பும் இலவசமாகவே கிடைக்கிறது. அதை இப்போதைய கணினியிலேயே போட்டு, ஒரு கிழமை வேர்டையும் எக்செலையும் தொடாமல் உங்கள் சொந்தக் கோப்புகளில் வேலை செய்து பாருங்கள். அந்தக் கிழமை நிம்மதியாகப் போனால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

குறுக்குக் கோடு போட வேண்டியவை சில உண்டு. போட்டோஷொப், கோரல் ட்ரோ, பேஜ்மேக்கர் மூன்றுக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. ஜிம்ப், இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள்கள் நல்லவைதான், புதிதாகப் பழகுபவருக்கு அவற்றையே சொல்வேன். ஆனால் அச்சகத்துக்கு வாடிக்கையாளர் கொண்டுவருவது கோரல் கோப்பு. கலியாண அல்பம் செய்யும் ஸ்டூடியோவில் குவிந்திருப்பது போட்டோஷொப் டிசைன்கள். வைன் என்பதன் மூலம் சில வின்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டலாம். என்றாலும் நாளைக் காலை பனர் கொடுக்க வேண்டிய கடையை அதை நம்பி நடத்தக் கூடாது. கடைக்கு பில் அடிக்கும் மென்பொருளும் இப்படித்தான், அதை விற்றவரிடம் முதலில் கேளுங்கள். தம்பி விளையாடுவது வலரன்ட் என்றால் அதுவும் லினக்ஸில் ஓடாது.

குறுக்குக் கோடு ஒன்றே ஒன்று விழுந்தாலும் அந்தக் கணினியில் வின்டோஸை அழிக்க வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கலாம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

"சும்மா கிடைக்கிறது மட்டமாகத்தானே இருக்கும்?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பது நியாயம். அவர்களுக்கு நம் கரையோரத்திலிருந்தே ஒரு பதில் உண்டு. 2004 டிசெம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதைத் தொடர்ந்த வாரங்களில் இந்த நாட்டின் மென்பொருள்காரர்கள் தாங்களாக முன்வந்து, காணாமற்போனவர்களைப் பதியவும் முகாம்களையும் நிவாரணத்தையும் ஒழுங்குபடுத்தவும் சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். யாரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம் என்று அதைத் திறந்த மூலமாகவே வெளியிட்டார்கள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெய்ட்டியிலும் அது உதவியது. லினக்ஸ் வளர்ந்ததும் இதே முறையில்தான். 1991இல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்ததை உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் திருத்தி வளர்த்தார்கள், பெரிய கம்பனிகளும் சம்பளம் கொடுத்து ஆள் வைத்து வளர்க்கின்றன. உங்கள் அன்ட்ரொயிட் போனின் அடியில் ஓடுவதும் அதே லினக்ஸின் மையப் பகுதியான கரு (கேர்னல்) தான்.

எதை எடுப்பது

லினக்ஸில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு, புதியவர் அதற்குள் போய்க் குழம்பத் தேவையில்லை. லினக்ஸ் மின்ட் எடுங்கள். 4 ஜிபி ரேம் என்றால் அதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபி என்றால் சினமன் பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும். வின்டோஸ் பாவித்த கைக்கு அதன் திரை பழக்கமாகவே இருக்கும்: கீழே பட்டை, இடது மூலையில் மெனு. 2 ஜிபி ரேம் மட்டும் உள்ள கணினிக்கு லுபுண்டு போன்ற இலேசான வகைகள் உண்டு. ஆனால் இன்றைய இணையப் பக்கங்களே அந்த ரேமை விழுங்கிவிடும், எதைப் போட்டாலும் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம்.

பென் ட்ரைவிலிருந்து ஓட்டிப் பார்ப்பது

லினக்ஸின் பெரிய வசதி இதுதான். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் பென் ட்ரைவிலிருந்தே முழுக் கணினியையும் ஓட்டிப் பார்க்கலாம்.

8 ஜிபி பென் ட்ரைவ் ஒன்று வேண்டும். அதில் இருப்பவை எல்லாம் அழிந்துவிடும், ஆகவே முதலே எடுத்து வையுங்கள். மின்ட்டின் சொந்த இணையத்தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது முழு மின்ட்டும் அடங்கிய ஒற்றைக் கோப்பை, இறக்குங்கள். ஏறக்குறைய 3 ஜிபி வரும். உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் இராவைக்கு இறக்கக் கொடுத்துவிட்டுத் தூங்கலாம். வேறு தளங்களில் கிடைக்கும் "மொடிஃபை" செய்த பதிப்புகளை எடுக்காதீர்கள், கிராக் வின்டோஸை விட்டு ஓடி வந்து அதே குழியில் விழுவதாகிவிடும்.

அப்புறம் வின்டோஸில் ரூஃபஸ் என்ற சிறிய இலவச நிரலை இறக்கித் திறவுங்கள். மேலே பென் ட்ரைவைத் தெரிவு செய்து, அதன் பெயரையும் அளவையும் இரண்டு தரம் பாருங்கள். பக்கத்தில் வேறு ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிவிடுங்கள். ஐஎஸ்ஓ கோப்பைக் காட்டி ஸ்டார்ட் அழுத்தினால் போதும், கேட்கும் கேள்விக்கு அது பரிந்துரைக்கும் பதிலையே விடலாம்.

இனிக் கணினியை ஓஃப் செய்து, பென் ட்ரைவைச் செருகி, ஓன் செய்த கையோடு, எதிலிருந்து எழும்புவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ, ஏசர் கணினிகளில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. அசூஸில் எஸ்கேப். வரும் பட்டியலில் பென் ட்ரைவின் பெயரைத் தெரிவு செய்தால் சிறிது நேரத்தில் மின்ட்டின் திரை வரும். வராமல் செக்யூர் பூட் பற்றி ஏதாவது எழுதிக் காட்டினால் பயோஸ் அமைப்பில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) அதை நிறுத்த வேண்டியிருக்கும். அதற்கு முதல் கட்டாயம் வின்டோஸுக்குத் திரும்பிப் போய், டிஸ்க்கைப் பூட்டும் பிட்லொக்கர் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடப்பட்டிருந்தால் அதன் ரிக்கவரி சாவியை, 48 இலக்கம், தாளில் எழுதி வையுங்கள். அந்தச் சாவி இல்லாமல் பூட் அமைப்பை மாற்றினால் உங்கள் சொந்தக் கோப்புகளுக்கே நீங்கள் போக முடியாமல் ஆகலாம்.

மின்ட்டின் திரையில் "இன்ஸ்டோல்" என்று ஒரு படம் இருக்கும். இன்று அதைத் தொடாதீர்கள்.

உள்ளே போய் என்ன பார்ப்பது

வேகத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பென் ட்ரைவிலிருந்து ஓடுவது எப்போதும் மந்தமாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது உங்கள் இயந்திரத்தின் உறுப்புகளை லினக்ஸ் அடையாளம் காண்கிறதா என்பதை.

வைபையில் தொடங்குங்கள். வலது மூலையில் வீட்டு ரவுட்டரின் பெயர் தெரிந்தால் பாஸ்வேர்டைக் கொடுத்து இணையத்துக்குப் போங்கள். தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம், சில வைபை சிப்புகளுக்கு டிரைவர் (உறுப்பை இயக்கும் நிரல்) தனியாக எடுக்க வேண்டும். போனைக் கேபிளால் செருகி, போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங் போட்டால் உடனே இணையம் வரும், மெனுவில் டிரைவர் மனேஜரைத் திறந்தால் தேவையானதைக் காட்டும். பிறகு யூடியூபில் ஒரு பாட்டைப் போட்டு சத்தம் வருகிறதா, ஹெட்போனைச் செருகினால் மாறுகிறதா என்று கேளுங்கள். கமராவைத் திறவுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகளை அழுத்துங்கள். லெப்டொப்பை மூடி ஒரு நிமிடம் பொறுத்துத் திறந்து, விழித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். பழைய லெப்டொப்களில் இந்தக் கடைசிச் சோதனையில்தான் அதிகம் தடுமாறும்.

பிரிண்டர் வைத்திருப்பவர்கள் அதையும் செருகி ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் வேலை செய்யும், பி1102 போன்ற சிலவற்றுக்கு இணையத்திலிருந்து ஒரு பிளகின் இறக்கச் சொல்லும். எப்சன் எல் வரிசைக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு. நம் அலுவலகங்களிலும் போட்டோகொப்பி கடைகளிலும் ஏராளமாக இருக்கும் கனன் எல்பிபி 2900 மட்டும் கரைச்சல் பிடித்தது. அதன் லினக்ஸ் டிரைவர் பழையது, புதியவர் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். பட்டியலில் அந்தப் பிரிண்டர் இருந்தால் அதற்கும் ஒரு குறுக்குக் கோடு.

அடுத்து, லினக்ஸ் போடாதவர்களுக்கும் பயன்படும் ஒரு சோதனை. மெனுவில் டிஸ்க்ஸ் என்ற நிரலைத் திறந்து, உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் தெரிவு செய்து, மேலே உள்ள பட்டியலில் ஸ்மார்ட் டேட்டா என்பதைப் பாருங்கள். டிஸ்க் நலமா, பழுதான பகுதிகளை மாற்றி மாற்றிச் சமாளித்துக்கொண்டிருக்கிறதா என்று அங்கே தெரியும். பல வீடுகளில் "வின்டோஸ் ஸ்லோ" என்று சொல்லப்படுவது உண்மையில் சாகப்போகும் ஹார்ட் டிஸ்க். அதன் மேல் எந்தப் பணிசெயல் முறைமையைப் போட்டாலும் காப்பாற்ற முடியாது. டிஸ்க் நலமாக இருந்து கணினி மட்டும் மந்தம் என்றாலும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்று, 240 ஜிபி அளவில், மாற்றினால் வரும் வேகம் எந்த லினக்ஸாலும் வராது. காசு கொஞ்சம் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

கையோடு இன்னொன்றையும் செய்து பாருங்கள். கொமியூனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுக்கக் கொடுத்துத் திரும்பிய பென் ட்ரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதை மின்ட்டில் செருகித் திறவுங்கள். அந்தப் போலி ஷோர்ட்கட்கள் ஒரு பக்கம் கிடக்க, பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள்ளோ பக்கத்திலோ உங்கள் அசல் கோப்புகள் அப்படியே தெரியும். வின்டோஸ் மறைத்து வைத்ததை லினக்ஸ் மறைப்பதில்லை, அந்த வைரஸ் லினக்ஸில் ஓடுவதும் இல்லை. கோப்புகளை வேறு இடத்துக்குக் கொப்பி செய்துவிட்டு பென் ட்ரைவை ஃபோமட் செய்யலாம். முழுதாக லினக்ஸுக்கு மாறாவிட்டாலும் இந்த மின்ட் பென் ட்ரைவ் ஒன்றை வீட்டில் வைத்திருப்பது நல்லது. வின்டோஸ் எழும்பாமல் போகும் நாளில் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வெளியே எடுக்க இதுவே போதும்.

தமிழ் எப்படி வரும்

இணையத்திலும் போனிலும் வரும் யூனிகோட் தமிழ், லினக்ஸைத் திறந்த கணத்திலிருந்தே சரியாகத் தெரியும். நம் பக்கத்தில் பிரச்சினை பாமினி என்ற பழைய எழுத்துரு. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டுவது. பாடசாலை வினாத்தாள், கோயில் நோட்டீஸ், சங்க அறிக்கை என்று எத்தனையோ வருடக் கோப்புகள் பாமினியில் கிடக்கின்றன. அதை மின்ட்டில் திறந்தால் "அம்மா" என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்தாக நிற்கும். கோப்பு பழுதாகவில்லை. வின்டோஸிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பை ஒரு பென் ட்ரைவில் கொண்டுவந்து, அதன் மேல் இரண்டு தரம் கிளிக் செய்து, வரும் பெட்டியில் இன்ஸ்டோல் அழுத்துங்கள். லிப்ரே ஒபிஸை மூடித் திறந்தால் தமிழ் வந்துவிடும். பாமினியில் தட்டச்சு செய்பவர்கள் ஆங்கில விசைப்பலகையை வைத்துக்கொண்டு எழுத்துருவை மட்டும் பாமினியாக மாற்றினால் பழைய விரல் பழக்கம் அப்படியே வேலை செய்யும்.

யூனிகோடில் எழுத, கீபோர்ட் அமைப்பில் தமிழ்99 என்ற விசைப்பலகை முறை நேரடியாகவே இருக்கிறது. சேர்த்துக்கொண்டால் போதும். ஆங்கில உச்சரிப்பில் தட்டி எழுதுபவர்களும், இலங்கையின் எஸ்எல்எஸ் 1326 தரத்தில் உள்ள ரெங்கநாதன் விசைப்பலகை பழகியவர்களும் சொப்ட்வெயார் மனேஜரில் ஐபஸ் எம்17என் என்பதை எடுத்துப் போட வேண்டும். அதற்குள் இந்த வகைகள் எல்லாம் உண்டு. மின்ட்டின் மெனுக்களையே தமிழில் வைக்கவும் வழி இருக்கிறது, ஆனால் மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லை. தொடக்கத்தில் மெனுவை ஆங்கிலத்தில் விட்டால் இணையத்தில் உதவி தேடுவது இலகு.

போடுவது என்று தீர்மானித்தால்

நேரம் பார்த்துச் செய்யுங்கள். பரீட்சைக்கு முந்திய மாதம் வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் உள்ளே இருப்பவை பறிபோகலாம். அதனால் லெப்டொப் என்றால் பற்றரி நிறைந்திருக்க வேண்டும், யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப் என்றால் மாரி மழை இடித்துக்கொண்டிருக்கும் பின்னேரத்தில் தொடங்க வேண்டாம். அதற்கெல்லாம் முதல், முக்கியமான கோப்புகள் அனைத்தும் வேறு ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்க வேண்டும். கொப்பி செய்ததோடு நிற்காமல், வேறு கணினியில் சிலவற்றைத் திறந்தும் பாருங்கள்.

குறுக்குக் கோடு இல்லாதவர்கள் முழு டிஸ்க்கையும் மின்ட்டுக்கே கொடுக்கலாம், அதுதான் இலகுவான வழி. இரண்டும் வேண்டும் என்பவர்கள் வின்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாமல் போகும். பிறகு வின்டோஸின் டிஸ்க் மனேஜ்மென்டிலேயே சி டிரைவைச் சுருக்கி 50 ஜிபியாவது வெற்றிடமாக விடுங்கள். மின்ட்டின் நிறுவல் நிரல் "வின்டோஸுக்குப் பக்கத்தில் போடவா?" என்று கேட்கும்போது அதைத் தெரிவு செய்யுங்கள். "டிஸ்க்கை அழித்துப் போடு" என்ற வரி அதே திரையில்தான் இருக்கும், அவசரப்படாமல் வாசியுங்கள். பெயர், பாஸ்வேர்ட், கொழும்பு நேரவலயம் கொடுத்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

இரண்டையும் வைத்திருக்கும் சில கணினிகளில் வின்டோஸுக்குத் திரும்பும்போது மணிக்கூடு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கும். கணினியின் உள் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்க, வின்டோஸ் அதையே இலங்கை நேரம் என்று எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம் அது. வின்டோஸின் நேர அமைப்பில் "சிங்க் நவ்" அழுத்தினால் சரியாகிவிடும்.

முதல் நாளில் அப்டேட் மனேஜரைத் திறந்து எல்லாவற்றையும் புதுப்பியுங்கள். அதிலேயே மிரர் (அப்டேட்டை இறக்கும் சேர்வர்) மாற்றும் இடம் உண்டு, வேகமானதைத் தெரிவு செய்தால் இறக்கம் இழுபடாது. அடுத்து மெனுவில் உள்ள டைம்ஷிஃப்ட் என்ற நிரலில் ஒரு ஸ்னப்ஷொட், அதாவது இப்போதைய நிலையின் பிரதி, எடுத்து வையுங்கள். ஏதாவது குழம்பினால் அந்த நிலைக்குத் திரும்பலாம். ஆனால் டைம்ஷிஃப்ட் பாதுகாப்பது பணிசெயல் முறைமையைத்தான், உங்கள் கடிதங்களையும் படங்களையும் நீங்களே கொப்பி எடுத்து வைக்க வேண்டும். மென்பொருள் எது வேண்டுமானாலும் சொப்ட்வெயார் மனேஜருக்குள் தேடுங்கள். எங்கோ பார்த்த கறுப்புத் திரைக் கட்டளைகளை, அவை என்ன செய்யும் என்று தெரியாமல் ஒட்டாதீர்கள்.

பழுது பார்க்கக் கடைக்குக் கொண்டுபோகும்போது இதில் லினக்ஸ் இருக்கிறது, ஃபோமட் செய்ய வேண்டாம் என்று வாயாலும் சொல்லி, ஒரு துண்டில் எழுதி லெப்டொப்பில் ஒட்டியும் விடுங்கள். லினக்ஸ் பழக்கமில்லாத இடத்தில், திரை வித்தியாசமாக இருப்பதைக் கண்டு, உதவி செய்யும் எண்ணத்தோடே வின்டோஸ் போட்டுக் கொடுத்துவிடக் கூடும். திரை, பற்றரி, கீபோர்ட் மாற்றுவதற்கு உள்ளே எது ஓடுகிறது என்பது தேவையே இல்லை.

ஒரு மாதம் பாவித்தும் மனம் ஒட்டவில்லை என்றால் திரும்பிப் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. லெப்டொப்போடு அசல் வின்டோஸ் 10 வந்திருந்தால் அதன் உரிமம் பெரும்பாலும் மதர்போர்ட்டோடு இணைந்தே இருக்கும். மைக்ரோசொப்டின் தளத்திலிருந்து அதே பதிப்பை பென் ட்ரைவில் எடுத்துப் போட்டு, சாவி கேட்கும் இடத்தில் "சாவி இல்லை" என்று தாண்டிப் போனால், இணையத்தில் இணைந்ததும் தானாக அக்டிவேட் ஆகிவிடும். மின்ட் போடுவதற்கு முதலே வின்டோஸ் செட்டிங்ஸில் அக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, "டிஜிட்டல் லைசன்ஸ்" என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.